பழைய எண், புதிய எண்

ஜூன் 3, திங்கள்

இன்று கோகுல்நாத் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லி ஒரு காகிதத்தைத் தள்ளினான். அறுபது நாள். அதற்குள் நான் முன்னேற்றம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பெனியும் நானும் பிரிந்துகொள்வோம். இதற்கு மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்துக்குள் போய் மேம்பட்டு வெளியே வந்த ஒருவரையும் எங்கள் மாடியில் நான் பார்த்ததில்லை.

"இது தண்டனை இல்ல லோசனி. உங்களுக்கு சப்போர்ட் பண்ணத்தான்," என்றான்.

ஏழு வருடத்துக்கு முன் இவனை வேலைக்கு எடுத்ததே நான்தான். நேர்முகத் தேர்வில் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடை தெரியாமல் மார்க்கர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றான். 'கற்றுக்கொள்வான், எடுக்கலாம்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் அக்கா. "அக்கா, இது ஏன் ஓட மாட்டேங்குது?" "அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்." எனக்கு மேனேஜர் ஆன மறுநாள் காலை லிப்டில் பார்த்து "ஹாய் லோசனி" என்றான். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன்.

வரும் வழியில் உளுந்து வாங்கினேன். ஊறப் போட்டிருக்கிறேன். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

அவனை விடமாட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

மேம்பாட்டுத் திட்டத்தின்படி நான் தினமும் செய்த வேலையை மாலையில் நான்கு வரியில் அவனுக்கு எழுத வேண்டும். பதினாறு வருட அனுபவம். பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் மாதிரி எழுதி அனுப்புகிறேன். இந்த நோட்டில் எழுதுவது அவனுக்கு அனுப்பாத வரிகள்.

அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் கோபம் குறைந்தால் எடுத்துப் படிக்க.

எங்கள் கம்பெனியின் வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். சென்னையில் அது நிறுத்தாது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். பழைய எண் ஒன்று, மாநகராட்சி பிறகு கொடுத்த புதிய எண் ஒன்று. சிலர் பழையதைச் சொல்வார்கள், சிலர் புதியதை. பழைய 22 ஒரு வீடு. அதே தெருவில் புதிய 22 இன்னொரு வீடு, இரண்டுக்கும் நடுவில் கால் கிலோமீட்டர்கூட இருக்கும். எந்தத் தெருவில் மக்கள் எந்த எண்ணைப் புழங்குகிறார்கள் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது.

நான் ஒரு அட்டவணை செய்தேன். நான்கு வருடம். மாநகராட்சிக் காகிதங்கள், மின்வாரிய அட்டைகள், சனி ஞாயிறுகளில் வெயிலில் நடந்து வாசல் பலகைகளைப் பார்த்து எழுதியது. ராயப்பேட்டையில் ஒரு நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டேன். எண்ணூறு தெருக்களுக்கு மேல். அதை வைத்துத்தான் சென்னையில் எங்கள் வரைபடம் சரியான வீட்டைக் காட்ட ஆரம்பித்தது.

போன வருடம் கர்ப்பப்பையை எடுத்து நான் மூன்று மாதம் வீட்டில் படுத்திருந்தபோது, இவன் அதை அமெரிக்க இயக்குநர் முன்னால் 'என் முயற்சி' என்று விளக்கிக் காட்டினான். என் பெயர் கடைசிப் பக்கத்தில் 'உதவியவர்கள்' என்ற பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது. அதிலும் எழுத்துப்பிழை. அந்த விளக்கத்துக்காகத்தான் அவனுக்கு மேனேஜர் பதவி கிடைத்தது.

ஜூன் 12, புதன்

கூட்டம். கோகுல்நாத் புதிய செயற்கை நுண்ணறிவு மாடலைக் கொண்டுவருகிறான். அட்டவணை இனி வேண்டாமாம்.

"லோசனியோட நோட்டுப்புத்தகத்த எத்தனை நாளைக்குக் கட்டிக்கிட்டு அழுறது? மாடலே எல்லாம் கத்துக்கும்," என்றான். நான்கு பேர் சிரித்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "பழைய பேட்டைகள்ல ஒரு பிரச்சினை வரும்..."

"அத தனியா பேசிக்கலாம் லோசனி. டைம் இல்ல."

கையை இறக்கிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் பார்த்தேன். மாற்றங்களைச் சரிபார்ப்பவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்திருக்கிறான். பக்கத்து மேஜை ஷமீமாவின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மதியம் யாரும் இல்லாதபோது புது மாடலை எடுத்து என் அட்டவணையோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்தேன்.

214 தெருக்கள். 214 தெருக்களில் மாடல் தவறான வீட்டைக் காட்டுகிறது. பழைய எண்ணைச் சொன்னாலும் புதிய எண் என்று எடுத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் கேட்கவாவது வேண்டும், கேட்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உறுதி என்று போட்டுவிட்டுப் போகிறது. அவனைப் போலவே.

பட்டியலைச் சேமித்து மூடினேன். மாலை நான்கு வரியில் இதை எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். அவன் என் இடத்துக்கு வந்து, "இதுல என்ன பிரச்சினைன்னு சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டால் போதும். அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

தனியாகப் பேசிக்கலாம் என்றான் அல்லவா. பேசட்டும்.

ஜூன் 15, சனி

சிலிண்டர் வந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் திங்கள் வருகிறேன் என்றார்.

என் கணவர் அருணகிரியிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். அவர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். எதையும் உடனே திருத்திவிட முடியும் என்று நம்புகிற ஆள். "விடு லோசனி. வேற கம்பெனி பார்த்துக்கலாம். உனக்கா வேலை கிடைக்காது?" என்றார்.

"வேலைக்காக இல்லைங்க."

"பின்ன எதுக்கு அங்கேயே இருக்கணும்?"

அவன் விழுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அறுபது நாள் முடிவதற்குள் புது மாடல் வெளியாகிறது. நான் வெளியே போவதற்கு முன் அவன் போவான். கணக்கு சரியாக வருகிறது. "குழாய்க்கு வாஷர் மாத்தினா போதுமா பாருங்க," என்றேன்.

ஜூன் 20, வியாழன்

புது மாடலை முதலில் பயன்படுத்தப்போகிற நிறுவனங்களின் பட்டியல் வந்தது. உணவு, மளிகை, கூரியர், இன்னும் சில.

உணவு தவறான வீட்டுக்குப் போனால் ஆறிப்போகும். யாரும் செத்துவிட மாட்டார்கள்.

ஜூன் 26, புதன்

ஷமீமா என் மேஜைக்கு வந்தாள். எங்கள் குழுவில் அதிகம் பேசாதவள். செய்யும் வேலை கச்சிதமாக இருக்கும். எட்டு வருடமாகப் பக்கத்து மேஜை. ரம்ஜானுக்கு எனக்கென்று தனியாகக் காரம் குறைத்து எடுத்துவருவாள்.

"லோசனி, கோகுல் அட்டவணைய எடுத்துடறாரே. பழைய நம்பர் இருக்கற தெருவெல்லாம் குழம்பாதா? நான் டெஸ்ட் பண்ண எடுத்தது எல்லாம் அண்ணா நகர், வேளச்சேரி. அங்க சரியா வருது. வேற எங்கயாவது பார்க்கணுமா?"

சரியான கேள்வி. அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எனக்குத் தெரியல ஷமீமா. என்னை அதுல இருந்து எடுத்துட்டாங்களே. கோகுலையே கேளு," என்றேன்.

"கேட்டேன். உங்ககிட்ட கேட்டு நேரத்த வேஸ்ட் பண்ண வேணாம்னாரு."

"அப்ப சரி," என்றேன்.

சற்று நின்றுவிட்டுப் போனாள். அவளிடம் சொல்லியிருந்தால் அவள் சரிசெய்திருப்பாள். பிறகு அதையும் அவன் தன் முயற்சி என்று காட்டியிருப்பான்.

ஜூலை 8, திங்கள்

வெளியீடு. கேக் வெட்டினான். அமெரிக்க இயக்குநர் திரையில் வந்து கைதட்டினார். கோகுல்நாத் புதுச் சட்டை போட்டிருந்தான். காலரில் விலைச்சீட்டு குத்திய ஊசி அப்படியே இருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

வந்துவிட்டது! மயிலாப்பூரில் பதினேழு புகார். திருவல்லிக்கேணியில் ஒரு பிரியாணி சைவ மடத்து வாசலுக்குப் போயிருக்கிறது.

ஜூலை 10, புதன்

நாற்பத்திரண்டு. மத்தியானம் சாப்பிடும்போது சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தேன். கோகுல்நாத் கண்ணாடி அறைக்குள் போனில் நின்றுகொண்டே பேசுகிறான். காதுமடல் சிவந்திருக்கிறது. எத்தனை வருடம் ஆயிற்று நான் இவ்வளவு பசியோடு சாப்பிட்டு.

பிளம்பர் இன்றும் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நான் நினைத்தபடி போகவில்லை.

கோகுல்நாத் கூட்டம் போட்டு, "டெஸ்டிங் சரியா பண்ணல, அதான் இப்படி," என்றான். ஷமீமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மாற்றத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது அவள்தானே. அவள் தாளை இரண்டாக, நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த இரண்டு வாரமும் அவள்தான் ஆன்-கால். ஏதாவது கெட்டுப்போனால் முதல் அழைப்பு அவளுக்குத்தான் வரும்.

புகார்கள் ஒவ்வொன்றாக வந்தால் ஒவ்வொன்றாகத் திருத்தினால் போதும் என்பது அவன் முடிவு. அட்டவணையைத் திரும்பப் போட்டால் தோற்றதாக ஆகிவிடும் அல்லவா.

ஷமீமாவுக்கு இது வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று அருணகிரியிடம் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டார்.

"கையில வெச்சிருக்கியா? அத குடுத்தா சரியாயிடுமா?"

"நாற்பது நிமிஷ வேலை."

"அப்ப குடுத்துடு."

"கேட்கட்டும்."

"யார் கேட்கணும்?"

"கோகுல். அவன் வாயால கேட்கணும்."

"அவன் கேட்காமயே இருந்துட்டா?"

"அவன் தலையெழுத்து."

"அவன் தலையெழுத்து மட்டும்னா சரி," என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அவருக்கு என்ன தெரியும்? அவரை யாரும் 'உதவியவர்கள்' பட்டியலில் ஐந்தாவதாகப் போட்டதில்லை.

ஜூலை 18, வியாழன்

காலையில் கோகுல்நாத் என் மேஜைக்கு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். பட்டியல் இருக்கும் கோப்பின் மேல்கூட விரல் போய்விட்டது.

"லோசனி, நேத்து நாலு வரி அனுப்பலயே நீங்க?" என்றான்.

"அனுப்பிடறேன்."

"தினமும் வேணும். ஹெச்.ஆர்ல கேட்பாங்க."

போய்விட்டான். நான் கோப்பிலிருந்து விரலை எடுத்தேன்.

கடவுளே, இவ்வளவு கிட்டே வந்து.

ஜூலை 24, புதன்

எழுத வேண்டும். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

காலை எட்டு மணி சுமாருக்கு சிந்தாதிரிப்பேட்டையில் நமசிவாயம் என்ற பெரியவருக்குப் பக்கவாதம். வயது எழுபத்தொன்று. அவர் மனைவி ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டு எண் 22. பழைய 22. வண்டி புதிய 22க்குப் போய் நின்றிருக்கிறது. அது பூட்டிக் கிடந்த வீடு. ஓட்டுநர் கேட்டைத் தட்டியிருக்கிறார், போன் செய்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. மார்க்கெட் நேரம், ஒருவழிப் பாதை, வண்டியைத் திருப்ப முடியவில்லை. இருபத்தாறு நிமிடம் தாமதம்.

ஆம்புலன்ஸ் நிறுவனம் பதினோரு மணிக்கு எங்களை அழைத்தது. ஷமீமாதான் எடுத்தாள். எடுத்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் யாரையும் கேட்காமல் அட்டவணையைத் திரும்பப் போட்டேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று.

பெரியவர் உயிரோடு இருக்கிறார். பேச்சு போய்விட்டது என்கிறார்கள்.

ஜூலை 25, வியாழன்

ஜூன் 20 அன்று 'இன்னும் சில' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் மொத்தம் ஒன்பது பெயர். நான் முழுவதும் படித்தேன். ஆறாவது ஆம்புலன்ஸ்.

படித்தேன். படித்துவிட்டுத்தான் 'இன்னும் சில' என்று எழுதினேன்.

ஜூலை 29, திங்கள்

கோகுல்நாத்தை இன்று அனுப்பிவிட்டார்கள். பத்தரைக்குக் கண்ணாடி அறைக்குள் போனான். பதினொன்றுக்கு வெளியே வந்தான். காவலர் ஒருவர் பக்கத்தில் நடந்தார். ஒரு அட்டைப்பெட்டி, அதில் ஒரு காபிக் கோப்பை, கிரிக்கெட் போட்டியில் வாங்கிய கேடயம். எல்லோரும் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நேராகப் பார்த்தேன். இந்த நாளை எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். லிப்ட் கதவு மூடும்வரை பார்த்தேன்.

மதியம் அமெரிக்க இயக்குநர் என்னை அழைத்தார். மேம்பாட்டுத் திட்டம் ரத்து. அட்டவணையைச் செய்தது நான் என்று இப்போது அவருக்குத் தெரியுமாம். குழுவை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "உங்கள் பேச்சை நாங்கள் கேட்டிருக்க வேண்டும்," என்றார்.

எல்லாம் கிடைத்துவிட்டது. நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அருணகிரி அப்படியே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அந்தத் திட்டம் இருந்திருந்தால் இன்று அறுபதாவது நாள்.

நடந்ததற்கு ஓர் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எப்படி நடந்தது, யாருக்கு எப்போது தெரிந்தது, இனி நடக்காமல் என்ன செய்வது. மூன்றாம் பத்தியில், 'இப்பிழை குறித்து முன்கூட்டியே குழுவில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை' என்று எழுதினேன். சரிபார்க்க ஷமீமாவுக்கு அனுப்பினேன்.

அவள் படித்துவிட்டு வந்தாள். கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அது என் அறை.

"நான் உங்களைக் கேட்டேன் லோசனி."

"கேட்டே."

"தெரியலன்னு சொன்னீங்க."

நான் திரையில் அறிக்கையை மூடினேன்.

"அட்டவணைய திரும்பப் போட்டீங்களே, அன்னைக்கு நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். நீங்க எதையும் தேடல. நேரா ஒரு ஃபைல திறந்தீங்க. அதுல ஜூன் 13னு தேதி இருந்துச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டேன். எங்கப்பாவும் ஸ்ட்ரோக்ல படுத்து மூணு வருஷம் கெடந்தாரு. அதனால சொல்றேன், உங்ககிட்ட என்னால வேலை பார்க்க முடியாது."

ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தாள். அச்சடித்துத் தயாராகவே கொண்டுவந்திருக்கிறாள்.

"ஷமீமா, அவன் எனக்கு என்ன பண்ணினான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "எனக்கு என்ன பண்ணினீங்கன்னும் தெரியும்."

அறிக்கையில் 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிளம்பர் வந்தார். வாஷர் இல்லையாம், குழாயையே மாற்ற வேண்டுமாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நமசிவாயம் வீட்டுக்குக் கம்பெனி சார்பில் ஒருவர் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. குழுவின் தலைவர் என்பதால் நான். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "வருத்தம்னு சொல்லலாம் மேடம். தப்புங்கற வார்த்தை மட்டும் வேணாம்." ஒரு கடிதமும் பழக்கூடையும் தருவார்களாம்.

அறிக்கையை வெள்ளிக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

போய் வந்தேன். எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதன்கிழமை எழுத முடியாததை இன்று எழுதப் பார்க்கிறேன். அதற்குப் பின் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கையின் மூன்றாம் பத்தியை அழித்தேன். ஜூன் 13 அன்றே எனக்குத் தெரியும், 214 தெருக்களின் பட்டியல் என்னிடம் இருந்தது, ஷமீமா நேரடியாகக் கேட்டும் மறைத்தேன், அவள்மேல் எந்தப் பிழையும் இல்லை என்று எழுதி அமெரிக்கா வரை எல்லோருக்கும் அனுப்பினேன். மதியத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். காவலர் பக்கத்தில் நடந்தார். சட்டப் பிரிவு ஆள் லிப்ட் வரை வந்து, "வக்கீல் யாரையாவது பார்த்து வெச்சுக்கங்க மேடம்," என்றார். நல்ல மனிதர்.

ஷமீமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நேற்று கோகுல்நாத் போனில் கூப்பிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"தெரியும்."

அவன் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லையே."

"இல்ல," என்றான். "கேட்கல." வைத்துவிட்டான்.

அவன் பாதி, நான் பாதி என்று பிரித்துக்கொண்டு என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. அதே சமயம் அவனை மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். இன்றும் அந்த 'ஹாய் லோசனி' காதில் கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

இனி புதன்கிழமை.

குறுகலான வீடு. வாசலில் இரண்டு எண்ணும் எழுதியிருந்தது, பழையது பெரிதாக. அந்த அம்மாளின் பெயர் ராஜாமணி. மெலிந்த உடம்பு. பழக்கூடையை வாங்கி ஸ்டூலின் மேல் வைத்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்கம்மா," என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நான் கும்பிட்டேன். இடது கையைக் கொஞ்சம் தூக்கினார்.

கடிதத்தைக் கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தபடி வருத்தம் என்று சொன்னேன். அந்த அம்மாள் காபி கலந்து கொண்டுவந்தார்.

"கோர்ட்டுல டவாலியா இருந்தாரு, முப்பத்தொரு வருஷம். பேரு கூப்பிடற வேலை. இன்னார் மகன் இன்னார்னு மூணு தரம் கூப்பிடுவாரு பாருங்க, கீழ டீக்கடை வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகியும் அதே சத்தம்தான். மெதுவா பேசுங்க, பக்கத்து வூட்ல தூங்கறாங்கன்னு நான்தான் தெனம் திட்டுவேன்." புடவைத் தலைப்பால் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "இப்ப என் பேரே வரல அவருக்கு. ம், ம்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சு போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் ரோட்டுலயேதான் நின்னேன். போன உள்ள வெச்சுட்டு வந்துட்டேன். அது என் தப்பு."

"உங்க தப்பு இல்லம்மா," என்றேன்.

"யார் தப்புன்னு சொல்றது? மிஷினு. அதுக்கு என்ன தெரியும், பாவம். உங்க கம்பெனியில யாருக்கும் முன்னாடி தெரியாம நடந்ததுதானேம்மா?"

ஆமாம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"எனக்குத் தெரியும்மா," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"இப்படி ஆகும்னு. தப்பு வரப்போற தெருவெல்லாம் ஒரு லிஸ்ட் எடுத்து வெச்சிருந்தேன். உங்க தெருவும் அதுல இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எனக்கு மேல இருந்த ஒருத்தன் மேல கோவம். அவன் மாட்டிக்கணும்னு விட்டுட்டேன்."

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். "அவருக்கும் எங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல."

ஜன்னலோரம் பெரியவர் ஏதோ சொல்ல முயன்றார். முதலில் ஒரு சத்தம், பிறகு அதே சத்தம் இன்னும் பலமாக, மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைக்க. சொல்லாக ஆகவில்லை. ராஜாமணி அம்மாள் எழுந்து போய் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார். அவர் அடங்கும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு என்னிடம் வந்து, கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதிக் காபி இருந்தது. அதை உள்ளே கொண்டுபோய்க் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பழக்கூடையை எடுத்து வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். 'போயிட்டு வரேம்மா' என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாள் கதவில் கை வைத்தபடி நின்றார். கத்தவில்லை, அழவில்லை, சபிக்கவும் இல்லை.

"போங்க," என்றார்.